ஐம்பது நிமிடத்தில் ஒரு மணி நேரம்

நியூயார்க் மாநிலத்தில் வழக்கறிஞர்களுக்கு ஒரு மணி நேரம் என்பது ஐம்பது நிமிடம். உரிமம் நிலைக்க நாங்கள் தொடர்ந்து படித்தாக வேண்டிய சட்ட வகுப்பில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்தால் ஒரு கிரெடிட். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 24 கிரெடிட் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்டும் நாள் அவரவர் பிறந்தநாளை ஒட்டி வரும். என் பிறந்தநாள் செப்டம்பர் கடைசியில். ஒன்று விட்டு ஒரு செப்டம்பரில் வீட்டில் எல்லோரும் கேக் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் மடிக்கணினியின் முன் உட்கார்ந்து குறைகிற கிரெடிட்டைத் துரத்திக்கொண்டிருப்பேன். இருபத்து மூன்று மாதம் என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள். வருமான வரிக் கணக்கை முன்கூட்டியே முடிக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த 24-இல் நான்கு தொழில் நெறி பற்றியதாக இருக்க வேண்டும். பாகுபாடு ஒழிப்பில் ஒன்று, இணையப் பாதுகாப்பில் ஒன்று. மீதி 18-ம் நம் விருப்பம். நான் குடியேற்றச் சட்டம் மட்டும் பார்க்கிறவள். ஆனால் குடியேற்றச் சட்டத்தில் ஒரு கிரெடிட்டாவது எடுத்தாக வேண்டும் என்று எனக்கு எந்த விதியும் இல்லை. பதினெட்டையும் விளையாட்டு வீரர்களின் ஒப்பந்தங்களைப் பற்றிக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை நாடுகடத்தல் வழக்கில் ஒருவருக்காக எழுந்து நிற்கலாம். இது கூட்டாட்சிச் சட்டம் என்பதால், நியூயார்க்கில் பதிவு செய்த நான் டெக்சஸில் உள்ள குடியேற்ற நீதிமன்றத்திலும் நிற்கலாம். உரிமம் கொடுப்பது மாநிலம், சட்டம் வாஷிங்டனுடையது. நடுவில் யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்பது யாருடைய பொறுப்பிலும் இல்லை.

பதிவு செய்த காணொளியைப் பார்த்தும் கிரெடிட் வாங்கலாம். பார்க்கிறவர் தூங்கிவிடவில்லை என்பதற்கு ஓர் ஏற்பாடு உண்டு: நடுவில் ஒரு குறியீடு வரும். அதை எழுதி வைத்துக்கொண்டு, முழுவதும் பார்த்தேன் என்று உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும்.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை மாலை. எனக்கு மூன்றரைக் கிரெடிட் குறைந்தது. அன்று ஓடிக்கொண்டிருந்த காணொளி, பிள்ளைகளின் வயதைக் கணக்கிடுவது பற்றியது. நம்மவர்களுக்கு இதைவிட முக்கியமான கணக்கு இல்லை. அப்பாவின் கிரீன் கார்டு விண்ணப்பத்தோடு பிள்ளையும் தொற்றிக்கொண்டு வர வேண்டுமானால் வயது 21-க்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை எவ்வளவு நீளம் என்றால், வேலைவாய்ப்பின் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில், யாருடைய முறை வந்தது என்று அரசு மாதந்தோறும் சொல்லும் விசா புல்லட்டின், 2025 ஆகஸ்டில் 2013-ஆம் ஆண்டில் வரிசையில் சேர்ந்தவர்களிடம்தான் நின்றிருந்தது. நான்கு வயதில் இங்கே வந்து, இங்கேயே பல் விழுந்து முளைத்து, பள்ளியில் வயலின் வாசித்த பெண், அப்பாவின் முறை வருவதற்குள் 21-ஐத் தாண்டிவிடுவாள். தாண்டினால் அவள் தனி ஆள். மாணவர் விசாவோ, விமான டிக்கெட்டோ.

2002-இல் வந்த சட்டம் ஒன்று இதில் கொஞ்சம் கருணை காட்டுகிறது. விசா கிடைக்கும் நிலை வந்த நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து அப்பாவுக்காக நிறுவனம் போட்ட மனு அரசு மேசையில் கிடந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். பெண்ணுக்கு 21 வயது 5 மாதம், மனு கிடந்தது 8 மாதம் என்றால், சட்டத்தின் கண்ணில் அவளுக்கு 20 வயது 9 மாதம். பிழைத்தாள்.

சிக்கல், 'விசா கிடைக்கும் நிலை வந்த நாள்' எது என்பதில். புல்லட்டினில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று, கிரீன் கார்டையே கொடுத்துவிடக்கூடிய இறுதித் தேதிகள். இன்னொன்று, விண்ணப்பத்தை உள்ளே போட்டுவைக்கலாம் என்ற தேதிகள். இது பெரும்பாலும் சில மாதங்கள் முன்னால் ஓடும். 2023 பிப்ரவரி 14-இல் அரசு மனமிரங்கி, இரண்டாவது பட்டியலை ஏற்கும் மாதங்களில் அதை வைத்தே வயதைக் கணக்கிடலாம் என்றது. நிறையப் பிள்ளைகள் கரையேறினார்கள். 2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அதை மாற்றினார்கள். ஆகஸ்ட் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு இறுதித் தேதிப் பட்டியல் மட்டுமே. இடையில் ஒரு வாரம் அவகாசம்.

காணொளியில் நீல நிற டை கட்டிய மனிதர் மிக நன்றாகப் பாடம் நடத்தினார். எடுத்துக்காட்டுகள் அருமை. திரையில் ஒரு கற்பனைப் பிள்ளையின் பிறந்த தேதியைப் போட்டு, மனு கிடந்த நாட்களைக் கழித்து, "இரண்டாவது பட்டியலைப் பயன்படுத்துங்கள், இவள் தப்பித்துவிட்டாள்" என்று சிரித்தார். அடுத்த நொடி குறியீடு வந்தது. எழுதிக்கொண்டேன். எழுதி முடித்து இரண்டு வாய் காபி குடித்த பிறகுதான் உறைத்தது: இவள் தப்பிக்கவில்லை. வசந்த காலத்தில் பதிவு செய்த வகுப்பு அது. அன்று அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. செப்டம்பரிலும் அதை விற்றார்கள். நானும் காசு கொடுத்து வாங்கினேன். ஒன்றரைக் கிரெடிட்டும் கொடுத்தார்கள். ஒரு சட்டம் செத்து ஐந்து வாரம் ஆன பிறகு, அது உயிரோடு இருப்பதாகப் படித்ததற்கு மாநிலம் எனக்கு மதிப்பெண் போட்டது.

எனக்கு ஆகஸ்ட் மாற்றம் தெரியாமல் இல்லை. அந்த வாரம் முழுக்க அதற்காகத்தான் அலுவலகத்தில் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருந்தோம். தெரிந்திருந்தும், அந்த மனிதரின் குரலில் இருந்த உறுதி என்னைத் தலையாட்ட வைத்துவிட்டது. என்னைப் பயமுறுத்தியது அதுதான். இந்தத் தொழிலில் ஒன்றும் தெரியாதவரால் வரும் கேடு குறைவு. அவர் தேடிப் பார்ப்பார், யாரையாவது கேட்பார். நன்றாகத் தெரிந்து, அது காலாவதியானது தெரியாதவர்தான் தயங்காமல் பதில் சொல்வார். மருந்துக் கடையில் பாட்டிலில் தேதி அச்சிட்டிருக்கிறார்கள். சட்ட வகுப்புகளில் எத்தனை நிமிடம் என்று அச்சிடுகிறார்கள்.

அந்த யோசனையில் இருக்கும்போதே கைப்பேசி அடிக்கத் தொடங்கியது.

ஹெச்-1பி வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அதிபர் கையெழுத்திட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு 12:01-க்கு அமலுக்கு வருகிறது. பணம் கட்டாத மனுவின் பேரில் நாட்டுக்குள் நுழைய முடியாது என்பதுபோல வாசகம். ஏற்கெனவே விசா வைத்திருந்து வெளிநாடு போயிருப்பவர்களின் கதி என்ன என்று அதில் தெளிவாக இல்லை. பெரிய நிறுவனங்கள் ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லிவிட்டன. ஆண்டுதோறும் கட்ட வேண்டும் என்று அமைச்சர் ஒருவர் சொல்லியிருந்தார்.

ஏழாவதோ எட்டாவதோ வந்த அழைப்பு சென்னையிலிருந்து. அங்கே சனிக்கிழமை அதிகாலை நாலரை மணி. முப்பது வயது இளைஞர், என் கட்சிக்காரர். அப்பா இறந்து ஒன்றரை ஆண்டாகிறது. இறந்தபோது விசாச் சிக்கலில் போக முடியவில்லை. இந்த முறை மகாளய அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் தர்ப்பணம் கொடுப்பதற்காகவே விடுப்பு எடுத்துப் போயிருந்தார். அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. இங்கே 12:01 என்றால் அங்கே ஞாயிறு காலை 9:31. அவர் கடலில் இறங்கி நிற்க வேண்டிய நேரம்.

"மேடம், நான் கிளம்ப வேண்டுமா, இருக்கலாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

"பத்து நிமிடம் கொடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்."

பிரகடனத்தை மூன்று முறை படித்தேன். நுழைவு என்ற சொல் வருகிறது, மனு என்ற சொல் வருகிறது, இரண்டும் ஒன்றையொன்று சரியாகக் கவ்வவில்லை. புதிய மனுக்களுக்கு மட்டும் என்று படிக்க இடமிருக்கிறது. எல்லோருக்கும் என்று படிக்கவும் இடமிருக்கிறது. சட்டம் புரியாதபோது கட்சிக்காரரைப் பாதுகாப்பான பக்கம் தள்ளு என்பதுதான் நான் கற்றது. இன்னும் 29 மணி நேரம் இருந்தது. வந்துவிடுங்கள் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் அரசு விளக்கம் வந்தது: இது புதிய மனுக்களுக்கு மட்டும், ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்குப் பொருந்தாது, ஒருமுறை கட்டணம்தான். அப்போது அவர் அட்லாண்டிக் கடலுக்கு மேலே எங்கோ பறந்துகொண்டிருந்தார்.

இதை எழுதுவது என்னைத் தேற்றிக்கொள்ள அல்ல. இன்னொரு முறை அதே இரவு வந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் ராமேஸ்வரம் ராமேஸ்வரம்தான்.

தவறான ஆலோசனை என்ன செய்யும் என்பதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. ஹோண்டுராஸில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் சட்டபூர்வமாக அமெரிக்காவில் வாழ்ந்து, வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஹோசே படீயா, கென்டக்கியில் லாரியில் கஞ்சா கொண்டுபோனதாகப் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் நாடுகடத்தல் பற்றித் தன் வழக்கறிஞர் சொன்னதாக அவர் பிறகு நீதிமன்றத்தில் சொன்னது: இத்தனை காலம் இங்கே இருந்துவிட்டீர்கள், கவலைப்பட வேண்டாம். ஒப்புக்கொண்டார். நாடுகடத்தல் ஏறக்குறைய உறுதியானது. 2010 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கில் ஒப்புதல் கொடுக்கச் சொல்லும் வழக்கறிஞர் நாடுகடத்தல் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கறிஞர் சோம்பேறியாக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நீண்ட காலம் வாழ்ந்தவர்களிடம் நீதிபதிகள் இரக்கம் காட்ட இடமிருந்த காலம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. 1996-இல் வந்த சட்டங்கள் அந்த இடத்தைப் பெருமளவு அடைத்துவிட்டன. அவர் கட்சிக்காரரிடம் சொன்னது அந்தப் பழைய அமெரிக்காவின் பதில்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு குற்றவியல் வழக்கறிஞர்கள் எங்கள் வகுப்புகளுக்கு வரத் தொடங்கினார்கள். நானும் அவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். தர்ம சிந்தனை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன்: நியூயார்க்கில் வகுப்பு கேட்பவருக்கு ஐம்பது நிமிடத்துக்கு ஒரு கிரெடிட், பேசுகிறவருக்கு மூன்று.

அங்கே நான் எப்போதும் தொடங்குவது ஓர் எண்ணில். பலகையில் 365 என்று எழுதுவேன். கடையில் துணி திருடியதாக ஒருவர் மீது வழக்கு. சிறு குற்றம். அபராதம் கட்டிவிட்டு மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். சிறையை வெளியிலிருந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்தாண்டுக்குள் செய்த ஒழுக்கக்கேடான குற்றம், அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்க முடியும் என்றால், கிரீன் கார்டு வைத்திருந்தாலும் நாடுகடத்தலாம். விதித்தார்களா என்பது கேள்வியே அல்ல. விதிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. நியூயார்க்கில் அப்போது இத்தகைய சிறு குற்றங்களுக்கு உச்ச தண்டனை ஓராண்டு. 365 நாள்.

முதன்முதலில் இதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பெரியவர், முப்பது ஆண்டு குற்றவியல் அனுபவம் உள்ளவர், கையைத் தூக்கினார். "அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நான் நல்ல பேரம் என்று நினைத்து வாங்கிக் கொடுத்ததெல்லாம்?" என்று கேட்டார். அறையில் யாரும் பேசவில்லை. அவர் மனத்தில் பழைய கட்சிக்காரர்களின் முகங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது எங்களுக்கே தெரிந்தது.

2019-இல் நியூயார்க் சட்டமன்றம் பலகையில் இருந்த எண்ணை மாற்றியது: 364. ஒரே ஒரு நாள். சிறு குற்றத்துக்கு இனி ஓராண்டு விதிக்க முடியாது, ஆகவே அந்த வலையில் சிக்காது. பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று எழுதினார்கள். ஆனால் கலிஃபோர்னியா இதே வேலையை முன்பே செய்திருந்தது. மாநிலம் பின்தேதியிட்டுக் கொடுக்கும் இந்தச் சலுகையைக் கூட்டாட்சிச் சட்டம் ஏற்காது என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2018-லேயே சொல்லிவிட்டது. நியூயார்க்கின் பழைய வழக்குகளுக்கும் பின்னர் அதே கதி ஏற்பட்டது. ஆகவே இப்போது பலகையில் இரண்டு எண்களையும் எழுதுகிறேன், பக்கத்தில் தேதியோடு.

தமிழில் யோசிக்கும் மூளைக்கு இந்தச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. நாடுகடத்தலை ரத்து செய்யக் கேட்க ஒருவர் இங்கே பத்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும்; நாடுகடத்தல் நோட்டீஸ் கையில் கொடுத்த நாளில் அந்தக் கணக்கு நின்றுவிடும். அரசு பல காலம் நோட்டீஸில் விசாரணை நாளும் நேரமும் போடாமல், அதைத் தனித்தாளில் பிறகு அனுப்பிக்கொண்டிருந்தது. நேரம் இல்லாத தாள் நோட்டீஸே அல்ல என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு தாளையும் சேர்த்தால் நோட்டீஸ் ஆகுமே என்றது அரசு. 2021-இல் தீர்ப்பு: ஆகாது. சட்டத்தில் ஆங்கிலத்தில் 'a', அதாவது 'ஒரு' நோட்டீஸ் என்று இருக்கிறது, ஒன்று என்றால் ஒன்றுதான். அந்த ஓரெழுத்துச் சொல்லைச் சுற்றியே வாதம். நாம் நோட்டீஸ் வந்தது என்போம், 'ஒரு' போட்டால் போட்டோம், விட்டால் விட்டோம். இந்தச் சட்டத்தைத் தமிழில் எழுதியிருந்தால் எத்தனை பேர் நாடுகடத்தப்பட்டிருப்பார்கள் என்று ஜூனியரிடம் சொல்லிச் சிரித்தேன். "அக்கா, 2024-இல் வேறு மாதிரி சொல்லிவிட்டார்கள்" என்றாள் அவள். உண்மைதான். விசாரணைக்கு வராததால் பிறப்பித்த உத்தரவை ரத்து செய்யக் கேட்டால், பின்னால் வந்த இரண்டாவது தாளே போதும் என்று அந்த ஆண்டு ஜூனில் அதே நீதிமன்றம் 5-4 என்று பிரிந்து தீர்ப்பளித்திருந்தது. ஒரே தாள், கேட்கும் நிவாரணத்தைப் பொறுத்து இரண்டு பதில்.

வகுப்புகளால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2020 கோடையில், எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, புதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி ஓர் இணையவழி வகுப்பு. எல்லையைத் தாண்டி வந்து வெறும் 25 கஜத் தொலைவில் பிடிபட்ட ஒருவர், தன் தஞ்சக் கோரிக்கையை அதிகாரிகள் தள்ளியதை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்று முடிந்த வழக்கு. நடத்தியவர் அந்த மனிதரின் பெயரைச் சொல்ல நான்கு முறை முயன்று, நான்கு விதமாக உடைத்து, கடைசியில் "மனுதாரர்" என்று விட்டுவிட்டார். நம் காதுக்குத் துரைசிங்கம் என்றே கேட்கும் பெயர். இலங்கைத் தமிழர், வேன் ஒன்றில் வந்தவர்கள் தன்னைக் கடத்தி அடித்ததாகச் சொன்னவர். ஒலிவாங்கியைத் திறந்து பெயரை ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். வகுப்பில் இருந்த இன்னும் சிலரும் சொல்லிப் பார்த்தார்கள். அந்த ஐம்பது நிமிடத்துக்கு நான் கொடுத்த காசு வீண்போகவில்லை.

வெள்ளி இரவு ஏழு மணியிலிருந்து சனி பிற்பகல் வரை நான் படித்ததற்குக் கிரெடிட் கிடையாது. இணையத்தில் அரசு அறிவிப்பைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்ப்பது அங்கீகரிக்கப்பட்ட வகுப்பு அல்ல. நீல டைக்காரரின் வகுப்புக்கு ஒன்றரை. படிவத்தில் அதைச் சேர்த்துக்கொண்டேன். முழுவதும் பார்த்தாயா என்றுதான் கேட்கிறார்கள், பார்த்தேன். நடத்திய நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

அலுவலகத்தில் ஒன்றே ஒன்றை மாற்றினேன். கட்சிக்காரருக்குப் போகும் ஒவ்வொரு ஆலோசனைக் கடிதத்தின் முதல் வரியிலும், 'இன்று, இந்தத் தேதியில் உள்ள சட்டப்படி' என்று இருக்கும். கடிதத்தின் தலையில் ஏற்கெனவே தேதி இருக்கிறதே என்று ஜூனியர் கேட்டாள். தலையில் இருப்பதை யாரும் படிப்பதில்லை.

டிசம்பரில் அந்த இளைஞர் மறுபடியும் அழைத்தார். செப்டம்பரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"மேடம், தை அமாவாசைக்குப் போய்வரலாமா?"

அந்த மாதம் 15-ஆம் தேதி முதல் ஹெச்-1பி விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் தூதரகங்கள் பார்க்கும் என்று அறிவிப்பு வந்திருந்தது. இந்தியாவில் பலருடைய நேர்காணல்கள் தள்ளிப்போய்க்கொண்டிருந்தன.

"பாஸ்போர்ட்டில் விசா எந்தத் தேதி வரை இருக்கிறது?"

"ஆகஸ்ட் வரை."

"அப்படியானால் நேர்காணலுக்குப் போக வேண்டியதில்லை. பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு என்னை அழையுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ராமேஸ்வரத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். திரும்பி வரும் விமான டிக்கெட்டை மட்டும் தேதி மாற்றக்கூடியதாக வாங்குங்கள்."

"அது விலை கூட, மேடம்."

"தெரியும். அதையே வாங்குங்கள்."